அப்பா போட்ட பதிலும் உன் இடக்கை விரலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பொறுத்தவரை இந்த வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நீ நலமா என்று நான் கேட்பதும் "சூப்பரா இருக்கேன்மா" என்று நீ சொல்வதும் நம் இருவருக்கும் பழகிப்போய், கேட்டோமா சொன்னோமா என்றுகூட இப்போதெல்லாம் கவனிப்பதில்லை. அதனால் இந்த முறை வேறு மாதிரி கேட்கிறேன். உன் இடக்கை மோதிர விரல் எப்படி இருக்கிறது? ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாயா இல்லையா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிடாதே, விரல் விஷயத்தில் உன்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வேறொரு விஷயத்தில் அப்பா காட்டிக்கொடுத்துவிட்டார், அதையும் சொல்லத்தான் போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

காகிதத்தில் எழுதுகிற காரணம் உனக்கே தெரியும். உன் கையில் இருக்கும் போன் நீ வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்காரர்கள் கொடுத்தது, அவர்கள் நினைத்தால் அதில் வருவதையெல்லாம் பார்க்கலாம் என்று நீதான் சொன்னாய். அறையில் உன்னோடு இருப்பவளோ உங்கள் மேற்பார்வையாளரின் அக்கா மகள். போன ஞாயிறு கூப்பிட்டு, கை எப்படி இருக்கிறது என்று நான் ஆரம்பித்ததுமே நீ, "மழை பெய்யுதும்மா, இங்க ஆளு இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாய். "மழைக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்கு அந்த மழையிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது, ஒன்றுமில்லை என்றால் நீ ஒன்றுமில்லை என்றுதானே சொல்லியிருப்பாய்.

'மூன்றாம் தொட்டி' என்ற பெயரில் நீ இணையத்தில் எழுதுவதை என்னிடம் சொன்ன அன்று, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, அவரு கீழ வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு" என்று சிரித்தாய். நான் மூச்சுவிடவில்லை. உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? குளிர்பெட்டி பழுதுபார்த்துக் கொடுக்கும் சீட்டில் எப்படி எழுதுவாரோ அப்படியேதான் இணையத்திலும் எழுதுவார். கைபேசி வரைபடத்தில் நம் பேருந்து நிறுத்தத்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்து, 'கூரை நன்று, பெஞ்சு ஆடுகிறது, கவனிக்கவும், இப்படிக்கு குளிர்பெட்டி மெக்கானிக், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்' என்று போன் நம்பரோடு எழுதி வைத்தவர். மோட்டார் கழற்றிக் காட்டுகிற வீடியோவுக்குக் கீழே போய், பேசுகிறவரின் தப்பைத் திருத்திவிட்டு, வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று முடித்தவர். பேர் போடாமல் எழுதினால் அது மொட்டைக் கடுதாசி, மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் முதுகுக்குப் பின்னால் கல்லெறிகிறவன் என்பது அவருடைய கட்சி. அவரிடம் போய் உங்கள் மகள் பேர் போடாமல் எழுதுகிறாள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

எனக்கு இந்த இடங்களெல்லாம் கொஞ்சம் பழக்கம். நூலகத்தில் என் மேசைமேல் 'கணினி உதவி' என்று பலகை வைத்ததிலிருந்து ஊரில் பாதிப்பேருடைய பாஸ்வேர்டு என் தலைக்குள்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வாரம் தவறாமல் வந்து, "பாஸ்வேர்டு மறந்துபோச்சும்மா, ஆனா ரொம்ப நல்ல பாஸ்வேர்டு" என்பார். மின்கட்டணம் கட்ட, பென்ஷன் படிவம் நிரப்ப, பேரனை வீடியோவில் பார்க்க என்று வருகிறவர்கள் கடைசியில், அந்த நாலு வரி எழுதுற இடத்தில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுங்கள், இருக்கிற மூன்றில் எது நல்லது என்று கேட்பார்கள். பழைய இடம் பஸ் ஸ்டாண்டு மாதிரி, நீங்கள் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சத்தமாகச் சண்டை போடுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும் என்பேன். படம் போடும் தளத்துக்காரர்கள் புதிதாகத் தொடங்கியது கல்யாண வீடு மாதிரி, உள்ளே நுழைவதற்குள் உங்கள் போனில் உள்ள நம்பர்களைப் பார்த்து, இவர் உங்கள் சம்பந்தி, இவர் உங்கள் பழைய முதலாளி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடும். மூன்றாவது, நீ இருக்கிற இடம், ஒரே முதலாளி இல்லாதது. ஒரு தெருவில் ஆளுக்கொரு வீடு கட்டி, ஜன்னல்களை மட்டும் ஒன்றை ஒன்று பார்க்கத் திறந்து வைத்தது போல. போன் நம்பர் கேட்கவில்லை, அதனால்தான் அங்கே போனேன் என்று நீ சொன்னபோது கெட்டிக்காரி என்று நினைத்தேன். மூன்றிலும் எனக்குக் கணக்கு இருக்கிறது, படம் இல்லை, ஒரு வரிகூட எழுதியதில்லை, எங்கே போனாலும் நான் கடைசி பெஞ்சுதான். ஆனால் நீ இருக்கிற இடத்தில் ஒரு சங்கடம் உண்டு, அதை இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். அங்கே எழுதியதை அழித்தால், மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அழித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புமாம், கேட்பதும் கேட்காததும் அவரவர் இஷ்டமாம்.

நடந்தது இதுதான். உலர்த்தும் இயந்திரம் உறுமினால் காதை வைத்துக் கேட்காதே, பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையை வை, நடுக்கம் ஒரு பக்கமாக வந்தால் பேரிங் போய்விட்டது என்று எழுதி, ரிப்பேர் செய்யச் சொல்லிப் பல நாளாகியும் எங்கள் கூடத்தில் யாரும் வரவில்லை என்று முடித்திருந்தாய் அல்லவா? அது பலரும் பகிர்ந்து, எங்கெங்கோ சுற்றி, மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்திருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனைக் குறை சொல்ல முடியுமா, அந்த உள்ளங்கை வித்தையை உலகத்தில் உனக்கு மட்டும்தான் அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார், பழைய குளிர்பெட்டிகளுக்குப் பின்னால் நீ புகுந்து விளையாடிய காலத்தில். படித்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் கழற்றிப் போட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டு, நீ இருக்கிற இடத்திலேயே ஒரு கணக்குத் தொடங்கி, நீயும் அவரும் கடை வாசலில் நிற்கும் படத்தை முகப்பில் வைத்து, உன் பதிவின் கீழ் எழுதியே விட்டார். 'சபாஷ் சுண்டெலி, அப்பா சொன்னதை மறக்கவில்லை, கையுறை இல்லாமல் எதிலும் கை விடாதே, வேளைக்குச் சாப்பிடு, இப்படிக்கு உன் அப்பா, குளிர்பெட்டி மெக்கானிக்' என்று. கீழே வழக்கம்போல நம்பர்.

நான் மதியம் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிவிட்டு வந்து உன் பக்கத்தைத் திறந்தால் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நீயும். உடனே கூப்பிட்டு, அதை எடுத்துவிடுங்கள் என்றால், "எம் பொண்ண நான் பாராட்டினது ஒரு குத்தமா? கெட்ட வார்த்தையா எழுதிட்டேன்?" என்று கோபித்துக்கொண்டார். விளக்கிச் சொன்னபிறகு, சரி எடுத்துவிட்டேன் என்றார். போய்ப் பார்த்தால் அவர் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே பளிச்சென்று நிற்கிறது, எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னேன் என்று நினைத்து அதைப் பின் பண்ணி வைத்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டு, ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லி அழிக்க வைப்பதற்குள் என் குரல் உயர்ந்து, வாசிக்கிறவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நூலகத்தில் சத்தம் போட்ட முதல் ஆள் நூலகக்காரியே என்று நாளைக்குக் கண்டக்டர் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது அப்பாவாகவே சொன்னார், "யாரோ ஒரு அம்மா போன் பண்ணினாங்க, பெரிய டிரையர் ரிப்பேர் பண்ணுவீங்களான்னு. எவ்வளவு மரியாதையாப் பேசுறாங்க தெரியுமா. உங்க பொண்ணு கெட்டிக்காரி சார், எங்க வேலை பாக்குதுன்னு கேட்டாங்க." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பொய்யா சொல்வார், சலவைக்கூடத்தின் பேரைச் சொல்லியிருக்கிறார், அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் இருக்கிறாய் என்றும் சொல்லியிருக்கிறார். எந்த நம்பரிலிருந்து வந்தது என்று நான் கேட்டதும் போனை எடுத்துப் பார்த்தார், நம்பர் மறைத்திருந்தது. டம்ளரை அப்படியே கீழே வைத்தார், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. அது யார் என்று எனக்குத் தெரியாது மகளே. உங்கள் கூடத்து ஆட்களாக இருக்கலாம், வேறு யாரோ வெறும் வாய்க்கு அவல் தேடியதாகவும் இருக்கலாம். நீ மட்டும் அவர்களுக்கு நீ யாரென்று தெரியும் என்றே வைத்துக்கொண்டு நட.

அதற்குப் பிறகுதான் நான் உன் பதிவுகளை முதலிலிருந்து படித்தேன். அம்மாவாகப் படிக்கவில்லை, உன்னைத் தேடுகிற விரோதியாகப் படித்தேன். எந்த வரி உன்னைக் காட்டிக்கொடுக்கும், எதை அழிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்று கிடைத்தது. 'இன்று பிரிப்பு மேசையில் புதிதாக வந்த ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறியது, மருத்துவமனைத் தலையணை உறைக்குள் கிடந்தது, கையுறை வெங்காயத் தோல் மாதிரி, கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள், எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை' என்று எழுதியிருந்தாய். யாரோ ஒரு நர்ஸ் எந்தக் கை என்று கேட்டிருந்தார், இடக்கை மோதிர விரல் என்று பதில் சொல்லியிருந்தாய். முதல் தடவை படித்தபோது ஐயோ பாவம் யார் பெற்ற பெண்ணோ என்று நினைத்துக் கடந்துபோனவள்தான் நான். உறைக்குள் முதலில் இடக்கையை விடுகிறவள் யார்? ஊசியில் நூல் கோப்பதும், கதவு திறப்பதும், பென்சில் பிடிப்பதும் இடக்கையால் செய்கிறாள், செய்யட்டும் என்று உன் பள்ளிக்கூடத்து டீச்சரோடு மல்லுக்கு நின்றவள் நானல்லவா? அந்தப் பதிவுக்குப் பிறகு நீ எனக்குத் தட்டெழுதி அனுப்பவே இல்லை, எல்லாம் குரல் செய்தி. வீடியோவில் வந்தாலும் போனை வலக்கையில் பிடித்து, பாதி நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிந்தன. நெட் சரியில்லை என்றாய், நானும் நெட்டைத் திட்டிவிட்டு விட்டேன். இதெல்லாம் என் வீண் கற்பனை என்றால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை, நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

புத்தகம் மாற்ற வரும் டாக்டரம்மாவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், கணினி உதவிக்கு வந்த ஒருத்தர் விசாரித்தார், பழைய ஊசி குத்திச் சில வாரம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "அன்னைக்கே வந்திருக்கணும். போகட்டும், இப்பவாவது போகச் சொல்லுங்க. ஒரு டெஸ்ட் நல்லா வந்துடுச்சேன்னு விட்டுடக் கூடாது, சில மாசம் கழிச்சுத் திரும்பவும் பாக்கணும். மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முழுசாப் போட்டிருக்கான்னும் கேளுங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா பாத்துட்டுத்தான் அதைச் சொல்லணும்" என்றார். படி இறங்கும்போது திரும்பி, "பொண்ணு பயந்துபோயிருக்கும், திட்ட வேணாம்னு அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். குத்தியது ஒரு பெண்ணுக்கு என்று நான் சொல்லவே இல்லை.

எழுதுவதை நிறுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உன் சித்தியும் அதைத்தான் சொல்கிறாள், "அக்கா, நீ படிச்ச புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு முதல்ல அவளைக் கூட்டிட்டு வா" என்று. ஆனால் உன் பதிவுகளைத் திரும்பப் படித்தபிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிவுகளின் கீழே வேறு வேறு கூடங்களில் துணி பிரிக்கிற பெண்கள் வந்து, எங்களுக்கும் இதே கையுறைதான், எனக்கும் குத்தியது, நானும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நீ எழுதாவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்பா நினைப்பது போல அது மொட்டைக் கடுதாசி இல்லை, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று. ஊருக்கு 'ஒரு பெண்' என்று எழுதலாம், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஒரு பெண்' என்று எழுத முடியாது. அங்கே உன் பேர், உன் வயது, எந்த நாள், எந்த மேசை, எந்தக் கை என்று கேட்பார்கள், நீயே உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொன்னால் நீதான் எழுதினாய் என்று தெரிந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் போகாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்துக்கு இனி வேலையில்லை, அப்பா அதைக் கெடுத்துவிட்டார். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தே இருக்கும், மறைந்து நின்று இனி காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை, உன் உடம்பைத் தவிர. கூடத்து மருத்துவ அறைக்குப் போகாதே, வெளியே அரசு மருத்துவமனைக்குப் போ, ஊசி குத்தியது வேலையில் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள், ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. வேலை போனால் போகட்டும், இந்த வீட்டில் உனக்கு ஒரு தட்டு எப்போதும் உண்டு. பதிவுகளை அழிப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய், நான் தலையிட மாட்டேன். ஆனால் படங்களை மட்டும் பார், ஜன்னல் வழியாகத் தெரியும் புகைபோக்கி இரண்டு படத்தில் இருக்கிறது.

அப்பா உன்னிடம் பேசப் பயப்படுகிறார். போனை அணைத்து அலமாரிமேல் வைத்துவிட்டார், வாடிக்கைக்காரர்கள் நேரில் வந்து, "என்ன அண்ணே, போனையும் குளிர்பெட்டிக்குள்ள வெச்சுட்டீங்களா" என்று கேலி செய்கிறார்கள். நேற்றுப் பார்த்தால் அப்பா கடையில் ரப்பர் கையுறைகளை ஒவ்வொன்றாக மாட்டி, மேலே ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் தாங்கவில்லை, அவர் விரலில்தான் இரண்டு இடத்தில் ரத்தம். விரல் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். நீ அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டுமானால் நிறையக் கோபித்துக்கொள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை அவர் தாங்க மாட்டார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவர் நம் பல் டாக்டரின் தங்கை, விடுமுறை முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறார். கூடத்து வாசலில் யாரிடமும் கொடுக்க வேண்டாம், உன்னை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "உள்ள என்னக்கா, சொத்துப் பத்திரமா?" என்று கேட்டார். நீ படித்து முடிக்கும்வரை அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவசரமில்லை, அவருக்கு இன்று வேலை கிடையாது, மருத்துவமனைக்கும் உன்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், போகவேண்டிய இடம் தெரியும் என்றார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும், எடுத்த காரியத்தில் நிற்கிற தெம்பு உனக்கு என்றும் குறையக் கூடாது, பெற்றவள் வாயிலிருந்து வருகிறது, பலிக்கும். வேளைக்குச் சாப்பிடு. கடைசியாக ஒன்று, பரிசோதனையின் முடிவு என்னவாக இருந்தாலும் அதை நான் ஒரு பதிவில் படிக்கக் கூடாது. முகம் தெரியாத ஆயிரம் பேர் கீழே இதயம் போட்டுக்கொண்டிருக்க, அவர்களில் ஒருத்தியாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 'ஒரு பெண்ணுக்கு' என்ன ஆயிற்று என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாது. எதிரே இருப்பவர் கையில் அவருடைய சொந்தப் போன் இருக்கிறது. கேட்டு வாங்கி இப்போதே என்னைக் கூப்பிடு, அழுவதானாலும் அழு, நான் வைக்க மாட்டேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா